வறுமைக்கு மேப் போட்ட கப்பல் முதலாளி

ஃபைனல் இயர் புராஜெக்ட் எப்படி ஓடும்னு உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஜூலையில் தலைப்பு கொடுப்போம், ஜனவரி வரைக்கும் தூங்குவோம், மார்ச்சில் தலைதெறிக்க ஓடுவோம். எங்க டீம் எடுத்த தலைப்பு இது: சாட்டிலைட் படத்தைப் பார்த்து ஒரு பகுதி ஏழைப் பகுதியா, வசதியான பகுதியான்னு கணிக்கிற ஒரு மெஷின் லேர்னிங் மாடல். ரிவ்யூவில் இதோட வரலாறு என்னன்னு கேட்பாங்களேன்னு தேடினப்போதான் ஒருத்தர் மாட்டினார்.

அவர் காலத்தில் சாட்டிலைட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, விமானம்கூட இல்லை. ஆனா நாம இன்னைக்கு ஜிபியூ வச்சு செய்யற வேலையை அவர் பென்சிலையும் நோட்டையும் வச்சு 1886-லேயே ஆரம்பிச்சுட்டார். ஒரு பெரிய நகரத்தில் எந்தத் தெருவில் வறுமை இருக்குன்னு தெரு தெருவா நிறம் பூசிக் காட்டினார்.

அவர் பெயர் சார்லஸ் பூத். சால்வேஷன் ஆர்மியைத் தொடங்கின வில்லியம் பூத் வேற ஆள், குழப்பிக்காதீங்க. ரெண்டு பேரும் ஒரே காலத்து ஆட்கள், ரெண்டு பேருக்கும் ஏழைகளைப் பத்தின கவலை உண்டு, அவ்வளவுதான். நம்ம ஆள் சாமியாரும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. கப்பல் கம்பெனி முதலாளி.

முதல்ல இன்னைக்குக் கதை

பூத் கிட்ட போறதுக்கு முன்னாடி, நாம இப்போ என்ன பண்றோம்னு ரெண்டு நிமிஷத்தில் சொல்லிடறேன்.

ஒரு நாட்டில் எத்தனை பேர் ஏழைன்னு தெரியணும்னா வீடு வீடா போய் சர்வே எடுக்கணும். அதுக்குப் பணம் வேணும், ஆள் வேணும், வருஷக்கணக்கில் நேரம் வேணும். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் ஒரு சர்வேக்கும் அடுத்த சர்வேக்கும் நடுவில் பல வருஷம் ஓடிடும். அதனால ஆராய்ச்சியாளர்கள் வானத்தில் இருந்து பார்க்கலாமான்னு யோசிச்சாங்க. முதலில் கண்ணில் பட்டது ராத்திரி வெளிச்சம். வெளிச்சம் அதிகமா இருந்தா வசதி அதிகம்னு ஒரு கணக்கு. ஆனா அதில் ஒரு சிக்கல். ரொம்ப ஏழ்மையான இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருட்டாத்தான் தெரியும். ஏழைக்கும் பரம ஏழைக்கும் நடுவில் வித்தியாசம் தெரியாது.

2016-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. நீல் ஜீன், மார்ஷல் பர்க், ஸ்டெஃபானோ எர்மான் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தாங்க. பகல் நேர சாட்டிலைட் படத்தை ஒரு கன்வல்யூஷனல் நியூரல் நெட்வொர்க்குக்குக் கொடுத்து, அந்த இடத்தில் ராத்திரி வெளிச்சம் எவ்வளவு இருக்கும்னு கணிக்கச் சொன்னாங்க. அதைக் கத்துக்கிற போக்கில் ரோடு, கூரை, வயல், நீர்நிலை இதையெல்லாம் அந்த நெட்வொர்க் தானாவே பிரிச்சுப் பார்க்கப் பழகிடுச்சு. அப்புறம் கையில் இருக்கிற கொஞ்ச சர்வே டேட்டாவோட அதை இணைச்சாங்க. நம்ம சிலபஸில் வர்ற அதே டிரான்ஸ்ஃபர் லேர்னிங்தான். நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா ஆகிய அஞ்சு நாடுகளில் சோதிச்சாங்க. ஊருக்கு ஊர் இருக்கிற பொருளாதார வித்தியாசத்தில் 75 சதவீதம் வரைக்கும் அந்த மாடலால் விளக்க முடிஞ்சது.

எங்க புராஜெக்ட் இதோட குட்டி காப்பி. சரி, இப்போ 1840-க்குப் போகலாம்.

லிவர்பூல் பையன்

சார்லஸ் பூத் 1840 மார்ச் 30-ஆம் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுக நகரத்தில் பிறந்தார். அப்பா தானிய வியாபாரி. வசதியான குடும்பம். பூத் காலேஜ் பக்கமே போகலை. பதினாறு வயசில் ஸ்கூலை முடிச்சுட்டு ஒரு கப்பல் கம்பெனியில் தொழில் கத்துக்கச் சேர்ந்தார். 1860-ல் அப்பா இறந்தப்போ கையில் கொஞ்சம் சொத்து வந்தது. அண்ணன் ஆல்ஃபிரடோட சேர்ந்து தோல் வியாபாரம் தொடங்கினார். அப்புறம் சொந்தமா கப்பலே கட்டினாங்க. 1866-ல் அவங்க நீராவிக் கப்பல் லிவர்பூலில் இருந்து பிரேசிலுக்கு ஓட ஆரம்பிச்சது. போகப் போக அமேசான் ஆற்றுக்குள்ளேயும் போச்சு.

நடுவில் 1865-ல் ஒரு தேர்தல் வந்தது. லிவர்பூலில் டாக்ஸ்டெத் பகுதியில் லிபரல் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு பூத் வீடு வீடா நடந்தார். அதுவரைக்கும் தன் ஊரில் இப்படி ஒரு பகுதி இருக்குன்னு அவர் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. குடிசைப் பகுதியோட நாத்தம், நெரிசல், பட்டினி எல்லாத்தையும் நேரில் பார்த்தார். தேர்தலில் அவர் ஆள் தோத்துட்டார். பூத் மனசில் அந்தத் தெருக்கள் மட்டும் தங்கிடுச்சு.

1871-ல் மேரி மெக்காலேயைக் கல்யாணம் பண்ணினார். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஏதாவது தோணுதா? 1835-ல் இந்தியாவில் ஆங்கிலக் கல்விதான் வேணும்னு குறிப்பு எழுதினாரே, அந்த தாமஸ் மெக்காலே, மேரிக்குப் பெரியப்பா. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்சுட்டு இப்போ தமிழில் தட்டுத்தடுமாறி எழுதிட்டு இருக்கிற எனக்கு இதைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. மேரி நல்ல படிப்பாளி. பூத் எழுதின பக்கங்களைத் திருத்தி, கேள்வி கேட்டு, செதுக்கினது மேரிதான். ரெண்டு வருஷத்தில் பூத்துக்கு உடம்பு ரொம்ப மோசமாச்சு. குடும்பத்தோட சுவிட்சர்லாந்தில் தங்கி உடம்பைத் தேத்திட்டு, 1875-ல் லண்டனுக்கு வந்து குடியேறினார்.

ஒரு சந்தேகத்தில் தொடங்கினது

1880-களில் லண்டன்தான் உலகத்திலேயே பணக்கார நகரம். அதே லண்டனோட கிழக்குப் பகுதி, ஈஸ்ட் எண்ட், வறுமைக்குப் பேர் போன இடம். பத்திரிகைகள் பரபரப்பா எழுதின. நகரத்தில் நாலில் ஒருத்தர் பட்டினிங்கிற மாதிரி பேச்சு அடிபட்டது. பூத்துக்கு நம்பிக்கை வரலை. மிகைப்படுத்திச் சொல்றாங்கன்னு நினைச்சார்.

இங்கதான் அவர் மத்தவங்ககிட்ட இருந்து வேறுபடறார். அதெல்லாம் இல்லைன்னு ஒரு கட்டுரை எழுதிப் போட்டுட்டுப் போயிருக்கலாம். அவர் எண்ணிப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணினார். முதலில் அரசாங்க சென்சஸைப் புரட்டினார். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தொழில் வகைகளை மாத்தி மாத்தி வச்சிருந்ததால ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே முடியலை. அதையெல்லாம் ஒழுங்குபடுத்தி 1886-ல் புள்ளியியல் சங்கத்தில் ஒரு கட்டுரை வாசிச்சார். டேட்டா கிளீனிங்னு நாம அலுத்துக்கிறோமே, அந்த வேலைதான். ஆனா சென்சஸ் வச்சு வறுமையைச் சொல்ல முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சது. அதே வருஷம் ஒரு சின்னக் குழுவைக் கூட்டி, சொந்தப் பணத்தைப் போட்டு, வேலையை ஆரம்பிச்சார். பகலில் கப்பல் கம்பெனி, மிச்ச நேரமெல்லாம் இந்த ஆராய்ச்சி. மூணு வருஷத்தில் முடிஞ்சிடும்னு நினைச்சிருப்பார். பதினேழு வருஷம் ஆச்சு.

டேட்டா எங்கே கிடைக்கும்?

லட்சக்கணக்கான வீடுகளைத் தட்டிக் கேட்க முடியாது. அப்போ யாருக்கு ஏற்கனவே தெரியும்? பூத் கண்டுபிடிச்ச பதில் ரொம்ப அழகானது. அப்போதான் இங்கிலாந்தில் பிள்ளைகள் கட்டாயம் ஸ்கூலுக்குப் போகணும்னு சட்டம் வந்திருந்தது. பிள்ளைகள் வர்றாங்களான்னு பார்க்க ஸ்கூல் போர்டு ஆட்கள் வீடு வீடா போவாங்க. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, அப்பாவுக்கு என்ன வேலை, எத்தனை ரூம், ஃபீஸ் கட்ட முடியுதா, எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. பூத் குழு அவங்களை ஒவ்வொருத்தரா உட்கார வச்சு, மணிக்கணக்கில் கேள்வி கேட்டு, குடும்பம் குடும்பமா நோட்டில் எழுதினாங்க. பிள்ளை இல்லாத குடும்பங்களை அந்த விகிதத்தை வச்சுக் கணிச்சாங்க.

இது எங்க புராஜெக்டோட எவ்வளவு ஒத்துப்போகுது பாருங்க. நேரடியா அளக்க முடியாததை, வேற காரணத்துக்காக ஏற்கனவே சேர்த்து வச்ச தகவலை வச்சு கணிக்கிறது. நமக்கு ராத்திரி வெளிச்சம். அவருக்கு ஸ்கூல் ஆட்களோட ஞாபகம்.

ஈஸ்ட் எண்ட் முடிஞ்சதும் முழு லண்டனுக்குப் போகணும். ஜனத்தொகை நாற்பது லட்சத்துக்கும் மேல. குடும்பம் குடும்பமா போனா ஆயுசு போதாது. அதனால பூத் அளவை மாத்தினார். குடும்பத்துக்குப் பதிலா தெருவை ஒரு யூனிட்டா வச்சார். பரப்பு கூடணும்னா ரிசல்யூஷனை விட்டுக்கொடுக்கணும்ங்கிறது நமக்கு முதல் கிளாஸிலேயே சொல்ற விஷயம். அவர் அதைத் தெரிஞ்சேதான் செஞ்சார்.

ஆனா ஒண்ணு. நோட்டை மட்டும் நம்பி அவர் உட்காரலை. ஈஸ்ட் எண்டில் வாடகைக்கு ரூம் எடுத்து, தான் யாருன்னு சொல்லாம, சில வாரங்கள் வீதம் மூணு தடவை தொழிலாளர் குடும்பங்களோட தங்கினார். அவங்க சாப்பிடறதையே சாப்பிட்டார். கோடீஸ்வர கப்பல் முதலாளி அந்த வீட்டுக்கு வாடகைக் குடித்தனக்காரர். இப்படி எழுதினா படம் மாதிரி இருக்கும், ஆனா காரணம் எளிமையானது. ஒரு எண்ணுக்கு அர்த்தம் என்னன்னு தெரியணும்னா அந்த எண்ணோட கொஞ்ச நாள் குடியிருக்கணும்.

ஏழு நிறம்

1889-ல் முதல் புத்தகம் வந்தது. கூடவே மேப்பும். ஒவ்வொரு தெருவுக்கும் ஏழு நிறத்தில் ஒண்ணு. மஞ்சள் பணக்காரத் தெரு. சிவப்பு நடுத்தர வர்க்கம். இளஞ்சிவப்பு ஓரளவு நிம்மதியான சம்பாத்தியம். ஊதா கலப்பு, கொஞ்சம் பேர் வசதி, கொஞ்சம் பேர் ஏழை. வெளிர்நீலம் ஏழை. கருநீலம் பரம ஏழை. கடைசியில் கறுப்பு.

வெளிர்நீலத்துக்கு ஒரு கணக்கும் கொடுத்தார். நடுத்தர அளவு குடும்பத்துக்கு வாரத்துக்கு 18-ல இருந்து 21 ஷில்லிங் வருமானம் இருந்தா ஏழை. அதுக்கும் கீழே இருந்தா பரம ஏழை. வறுமைக் கோடுன்னு இன்னைக்கு உலக வங்கி ஒரு நாளைக்கு 3 டாலர்னு வைக்குதே, அந்தச் சிந்தனையோட வேர்களில் ஒண்ணு இந்த ஷில்லிங் கணக்கு.

முடிவு என்ன தெரியுமா? ஈஸ்ட் எண்டில் சுமார் 35 சதவீதம் பேர் வறுமையில். முழு லண்டனை எண்ணி முடிச்சப்போ 30.7 சதவீதம். நாலில் ஒருத்தர்ங்கிறது மிகைன்னு நிரூபிக்கப் போனவர், அது குறைவுன்னு கண்டுபிடிச்சார். அதை மறைக்காம அப்படியே வெளியிட்டார். சொல்லுங்க, எங்க மாடல் நாங்க நினைச்சதுக்கு எதிரா ரிசல்ட் கொடுத்தப்போ நாங்க என்ன பண்ணினோம்? டேட்டாவை மாத்தி ஓட்டிப் பார்த்தோம். ரிவ்யூ பண்ற சார் இதைப் படிக்க மாட்டார்னு நம்பறேன்.

இன்னொரு எண்ணும் முக்கியம். லண்டன் பணக்காரங்க பயந்து நடுங்கினது அந்தக் கறுப்பு நிறக் கூட்டத்தைப் பார்த்து. ரவுடிகள் நகரத்தையே எரிச்சிடுவாங்கன்னு பயம். எண்ணிப் பார்த்தா அவங்க மொத்தத்தில் 0.9 சதவீதம்தான். பரம ஏழை 7.5 சதவீதம். மிச்ச 22.3 சதவீதம் பேர் வேலை செஞ்சும் ஏழையா இருக்கிறவங்க.

ஏன் ஏழைன்னும் கேட்டார். குடிதான் காரணம், சோம்பேறித்தனம்தான் காரணம்னு ஊரே சொல்லிட்டு இருந்த காலம் அது. பரம ஏழைகள்ல சுமார் 1,600 குடும்பங்களோட காரணங்களைப் பிரிச்சுப் பார்த்தப்போ, 55 சதவீதம் பேருக்குக் காரணம் வேலை சம்பந்தப்பட்டது: நிரந்தரம் இல்லாத வேலை, குறைஞ்ச கூலி. 27 சதவீதம் நோய், பெரிய குடும்பம் மாதிரி சூழ்நிலை. குடியும் ஊதாரித்தனமும் 14 சதவீதம். சோம்பேறிகள் 4 சதவீதம். லண்டன் துறைமுகத்தில் தினமும் காலையில் கேட்டுக்கு முன்னாடி கூட்டமா நின்னு, இன்னைக்கு வேலை உண்டா இல்லையான்னு தெரியாம காத்திருந்த ஆட்கள்தான் அந்த 55 சதவீதத்தோட முகம். அந்த அத்தியாயத்தை எழுதினது மேரியோட உறவுக்காரப் பெண் பியாட்ரிஸ் பாட்டர். பின்னாளில் பியாட்ரிஸ் வெப்னு உலகத்துக்கே தெரிஞ்ச சமூக ஆய்வாளர். அதே 1889 ஆகஸ்டில் அந்தத் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் பண்ணி ஜெயிச்சாங்க.

மேப் சொல்லாதது

இதுவரைக்கும் ஹீரோ கதை. இனிமேதான் நாம கவனமா படிக்கணும்.

1898-99-ல் பூத் மேப்பைப் புதுப்பிச்சார். இந்தத் தடவை அவரோட ஆட்கள் போலீஸ்காரர்களோட சேர்ந்து லண்டன் முழுக்கத் தெருத் தெருவா நடந்தாங்க. அந்த நோட்டுகள் இன்னைக்கும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகத்தில் இருக்கு. ஆன்லைனில் நீங்களே புரட்டலாம். ஜன்னல் திரை கிழிஞ்சிருக்கா, வாசற்படி தேச்சுக் கழுவியிருக்கா, ஜன்னலில் பூந்தொட்டி இருக்கா, பிள்ளைகள் காலில் ஷூ இருக்கா, எல்லாம் பார்த்து எழுதினாங்க. அருமையான வேலை. ஆனா லேபிள் போட்டது யாரு? போலீஸ்காரர். ஒரு தெருவைப் போலீஸ் பார்க்கிற பார்வை வேற, அந்தத் தெருவில் குடியிருக்கிறவங்க பார்க்கிற பார்வை வேற. கறுப்பு நிறத்துக்கு பூத் கொடுத்த விளக்கத்தில் ஏழ்மையும் குற்றமும் ஒரே வரியில் ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்தத் தெருவில் நேர்மையா உழைச்ச ஒரு அம்மாவோட வீடும் மேப்பில் கறுப்புதான்.

இன்னைக்கு நாம இதில் கொஞ்சம் முன்னேறியிருக்கோம். நாங்க பயன்படுத்தின மாதிரி சர்வே டேட்டாவில் ஊரோட இடத்தை வேணும்னே கொஞ்சம் தள்ளி வச்சுத்தான் கொடுப்பாங்க. நகரத்தில் 2 கிலோமீட்டர் வரைக்கும், கிராமத்தில் 5 கிலோமீட்டர் வரைக்கும். யார் வீடுன்னு யாரும் கண்டுபிடிச்சு முத்திரை குத்தக்கூடாதுன்னுதான். முதலில் இது எங்களுக்கு எரிச்சலா இருந்தது, அக்யூரசி குறையுதேன்னு. பூத்தோட கறுப்புத் தெருவைப் பார்த்த பிறகு அந்த எரிச்சல் போச்சு.

பூத் இன்னொரு யோசனையும் சொன்னார். பரம ஏழைகளை லண்டனில் இருந்து வெளியே கொண்டுபோய், அரசு கண்காணிப்பில் தனி முகாம்களில் வேலை கொடுத்து வைக்கலாம், அப்போ மிச்ச ஏழைகளுக்குப் போட்டி குறையும்னு. நல்லவேளை, அது நடக்கலை. மூணு லட்சத்துக்கும் மேலான மனுஷங்களை ஒரு எழுத்தா, ஒரு நிறமாப் பார்த்துப் பழகினா, நகர்த்தி வைக்கலாம்னு தோணிடும் போல. இவ்வளவு நல்ல மனுஷனுக்கே தோணுச்சுன்னா, ஏசி லேபில் உட்கார்ந்து ஹீட்மேப் பார்க்கிற நமக்குத் தோணாதா?

அப்புறம் ஓல்டு நிக்கல் கதை. ஈஸ்ட் எண்டில் மேப்பே இருண்டு கிடந்த ஒரு குடிசைப் பகுதி அது. லண்டன் மாநகர நிர்வாகம் 1890-களில் அதை இடிச்சுத் தள்ளிட்டு, அழகான அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி 1900-ல் திறந்தது. மேப்பில் பார்த்தா வெற்றி. ஆனா இடிச்ச வீடுகளில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேலான பேரில் புது வீட்டுக்குக் குடிவந்தவங்களை விரல்விட்டு எண்ணிடலாம். வாடகை கட்டுப்படியாகலை. மிச்சப் பேர் பக்கத்துத் தெருக்களில் போய் இன்னும் நெருக்கிக்கிட்டு வாழ்ந்தாங்க. இடம் முன்னேறிடுச்சு, ஆட்கள் அப்படியேதான் இருந்தாங்க. சாட்டிலைட் படத்தில் இது எப்படித் தெரியும்? பிக்சலோட நிறம் மாறிடும், வறுமை குறைஞ்சுதுன்னு மாடல் சொல்லிடும்.

கடைசியா, மேப்போட எல்லைக்கு வெளியே. பூத்தோட கப்பல்கள் அமேசானில் இருந்து ரப்பரை ஏத்திட்டு வந்துச்சு. அந்த ரப்பர் யுகத்தில் அமேசான் காட்டுப் பூர்வகுடி மக்கள் பட்ட கொடுமைகள் 1910 வாக்கில் உலகத்துக்கே தெரிய வந்தது. லண்டன் தெருவெல்லாம் எண்ணினவரோட நோட்டில் அந்த ஆத்தங்கரைக்கு ஒரு நிறம் கிடையாது. எண்ணாத இடம் இல்லாத இடம் ஆகிடாது.

மேப்பில் இருந்து பென்ஷனுக்கு

பூத்தோட வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். மேப் போட்டதோட அவர் நிறுத்தலை. ஸ்டெப்னிங்கிற பகுதியில் அரசு ஆதரவில் இருந்தவங்க பதிவேடுகளை எடுத்து, ஏன் இந்த நிலைக்கு வந்தாங்கன்னு ஆராய்ஞ்சார். கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்குக்குக் காரணம் முதுமை. குடி இல்லை, சோம்பல் இல்லை. வயசாயிடுச்சு, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க உழைச்ச ஆட்கள், கடைசிக் காலத்தில் ஒர்க்ஹவுஸ்னு சொல்ற அனாதை விடுதி மாதிரியான இடத்தில், அவமானத்தோட செத்துப்போனாங்க.

1891-ல பூத் ஒரு தீர்வு சொன்னார். 65 வயசு ஆன எல்லாருக்கும் வாரம் அஞ்சு ஷில்லிங் பென்ஷன். எல்லாருக்கும்னா எல்லாருக்கும். பணக்காரருக்கும் சேர்த்து. நண்பர்களே ஆச்சரியப்பட்டாங்க. தேவைப்பட்டவங்களுக்கு மட்டும் கொடுத்தா செலவு எவ்வளவு மிச்சம்! அதுவும் யாருக்குத் தேவைன்னு கண்டுபிடிக்கிறதில் இங்கிலாந்திலேயே பெரிய எக்ஸ்பர்ட் இவர்தானே.

ஆனா அவர் அங்கதான் நின்னார். யாரு தகுதியான ஏழைன்னு பிரிக்க ஆரம்பிச்சா, ஒரு ஆபீசர் வீட்டுக்குள்ள வருவார், கேள்வி கேட்பார், வயசானவங்க தங்களை ஏழைன்னு நிரூபிக்கக் கெஞ்சணும், அதிலேயே பாதிப் பேர் விட்டுப்போவாங்க. பதினேழு வருஷம் ஏழைகளைப் பிரிச்சுப் பிரிச்சு எண்ணின மனுஷன், உதவின்னு வரும்போது பிரிக்காதேன்னு வாதாடினார்.

1908-ல் சட்டம் வந்தது. 1909 ஜனவரி 1-ஆம் தேதி முதல் பென்ஷன் கொடுத்தாங்க. பூத் கேட்ட மாதிரி இல்லை. 65-க்குப் பதிலா 70 வயசு. எல்லாருக்கும் இல்லை, வருமானம் குறைஞ்சவங்களுக்கு மட்டும், அதுவும் நடத்தை பார்த்து. இருந்தாலும் தொடக்கத்திலேயே சுமார் அஞ்சு லட்சம் பேருக்கு வாரம் அஞ்சு ஷில்லிங் கிடைச்சது. பூத் 1916 நவம்பர் 23-ஆம் தேதி, 76 வயசில் இறந்தார். லண்டனைப் பத்தி அவர் வெளியிட்டது மொத்தம் 17 தொகுதிகள்.

எங்க அப்பத்தா வீட்டுக் கூரை

இதை நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு.

எங்க மாடல் ஓட ஆரம்பிச்ச ராத்திரி, சும்மா ஒரு ஆசைக்கு எங்க அப்பத்தா ஊரோட சாட்டிலைட் படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ஆப்பிரிக்க டேட்டாவில் டிரெயின் பண்ணின மாடலை இங்கே ஓட்டக்கூடாது, தெரியும். ஓட்டினேன். வசதியான பகுதின்னு வந்தது. தார் ரோடு இருக்கு, கான்கிரீட் கூரை இருக்கு, தெருவிளக்கு இருக்கு. பசங்க கைதட்டினாங்க. எனக்கு மட்டும் சிரிப்பு வரலை.

ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பத்தா முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சிருந்தாங்க. ஒருத்தர் வந்து பார்த்தார். மொட்டை மாடி வீடு, தகுதி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த மாடி, சித்தப்பா வெளிநாட்டில் இருந்தப்போ கட்டினது. அவர் திரும்பி வந்து, கடன் ஏறி, இப்போ வீடே அடகில் இருக்கு. அப்பத்தா மாத்திரை வாங்க அப்பா அனுப்பற காசுதான். அது கூரையில் எழுதியிருக்காது.

வந்து பார்த்த அந்த மனுஷர் செஞ்ச அதே தப்பைத்தான் 700 கிலோமீட்டர் மேலே இருந்து என் மாடலும் செஞ்சது. அவராவது ஒரு வீட்டைத்தான் பார்த்தார். என் கோடு ஒரு ராத்திரியில் ஒரு நாட்டையே பார்த்துடும்.

அதுக்காக இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம்னு சொல்ல வரலை. 2020 கொரோனா காலத்தில் டோகோ நாட்டில் அரசாங்கத்திடம் சரியான ஏழைகள் பட்டியல் இல்லை. சாட்டிலைட் படத்தை வச்சு மிக ஏழ்மையான 100 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, மொபைல் பயன்பாட்டை வச்சு ஆட்களைத் தேர்ந்தெடுத்து, மொபைல் வழியாவே பணம் அனுப்பினாங்க. அன்னைக்குக் கையில் இருந்த மத்த வழிகளைவிட இதில் விட்டுப்போன ஏழைகள் குறைவுன்னு பின்னாடி ஆய்வு காட்டிச்சு. முழுமையான ஒரு சமூகப் பதிவேடு இருந்திருந்தா இதைவிடக் குறைவாத்தான் விட்டுப்போயிருப்பாங்கன்னும் அதே ஆய்வு சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்.

எங்க புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இப்போ ஒரு பக்கம் கூடியிருக்கு. மாடல் எங்கெங்க தப்பு பண்ணும், எந்த முடிவுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு. எந்தப் பகுதியில் முதலில் ஆஸ்பத்திரி கட்டணும், எங்கே முதலில் சர்வே எடுக்கணும்னு கேட்டா எங்க மாடல் பதில் சொல்லும். இந்த வீட்டு அப்பத்தாவுக்குப் பென்ஷன் கொடுக்கலாமான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லும். மாடலுக்கு அந்தப் பதிலையும் கத்துக்கொடுத்தோம். அக்யூரசி ரெண்டு பாயின்ட் குறைஞ்சது. மதிப்பெண் குறையலாம், பார்த்துக்கலாம்.

உங்க டீமும் மனுஷங்களைப் பத்தி ஏதாவது கணிக்கிற புராஜெக்ட் பண்றீங்கன்னா, ஒரு வேலை செய்யுங்க. உங்க டேட்டாவில் இருக்கிற ஏதாவது ஒரு இடத்துக்கு, ஒரே ஒரு தடவை, பஸ் ஏறிப் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுங்க. நாங்களும் போயிட்டு வந்தோம், அப்பத்தா ஊருக்கு. டீம் மொத்தத்துக்கும் மதியச் சாப்பாடு. திரும்பி வரும்போது அப்பத்தாவோட விண்ணப்பத்தை மறுபடியும் எழுதிக் கொடுத்துட்டு வந்தோம். இந்தத் தடவை கூரையைப் பத்தி ஒரு வரிதான், அடகுச் சீட்டு நகல் நாலு பக்கம்.